இன்னொரு ராஜின் வீட்டுச் சாவி

என்னை யாராவது மேடைக்கு அழைத்தால், ஏன் எதற்கு என்று கேட்கும் பழக்கம் என்னிடம் கிடையாது. அழைத்தவர் மனம் மாறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதே என் கொள்கை. பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்களில் என் பெயரை ஒருமுறைகூட வாசிக்காததால் வந்த வியாதி இது என்பாள் என் மனைவி கலா. (அவளுக்கு எல்லா வருடமும் வாசித்திருக்கிறார்கள். அதனால் அவளுக்கு மேடை என்றால் ஒரு அலட்சியம்.)

அம்மா அப்பா எனக்கு வைத்த பெயர் ராஜகுலேந்திரன். சிட்னிக்கு வந்த முதல் வாரத்திலேயே அது ராஜ் ஆகிவிட்டது. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் சம்பளப் பட்டியல் போடுகிற வேலை. கையில் பேனா தவிர வேறு ஆயுதம் பிடித்தறியாதவன். அப்படிப்பட்டவன் வீடு கட்டப் போனேன் என்றால் யாழ்ப்பாணத்தில் என்னோடு படித்தவர்கள் இன்றைக்கும் நம்பமாட்டார்கள்.

அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வசதி குறைந்த குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்று, பிளாக்டவுனுக்கு அப்பால் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறது, சனிக்கிழமைகளில் வந்து கைகொடுக்க விரும்புகிறவர்கள் பெயர் தரலாம் என்று. எங்கள் பிரிவில் யார் யார் பெயர் கொடுத்தார்கள் என்று மேலாளருக்குத் தெரியும் என்பதும் அந்த மின்னஞ்சலிலேயே இருந்தது. நானும் பெயர் கொடுத்தேன்.

முதல் சனிக்கிழமை எனக்கு மஞ்சள் ஹெல்மெட் ஒன்றும் பளபளக்கும் மேற்சட்டை ஒன்றும் தந்தார்கள். அந்தக் கோலத்தில் என்னை நானே பல கோணங்களில் படம் எடுத்து முடிப்பதற்குள் அறிமுகக் கூட்டம் முடிந்துவிட்டது. பிறகு ஒரு சுத்தியல் தந்தார்கள். நான் அடித்த ஆணிகள் மரத்துக்குள் போவதைத் தவிர மற்ற எல்லாத் திசைகளிலும் போயின. வேலைத்தலத்துக்குப் பொறுப்பான கிரேக் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கோபித்துக்கொள்ளும் குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோல் சுத்தியலை மெதுவாக வாங்கிக்கொண்டு ஒரு தூரிகையைத் தந்தார். ஒரு படுக்கையறையின் சுவர் அலுமாரிக்கு உட்பக்கம் வெள்ளை பூசச் சொன்னார்.

"உள்ளுக்கு மட்டும் போதும். கதவைச் சாத்தினால் யாருக்கும் தெரியாது" என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். அன்று மழை. நான் பெரும்பாலும் கொட்டகைக்குள் நின்று தேநீர் குடித்தேன். மற்றவர்களுக்கும் ஊற்றிக் கொடுத்தேன். அதோடு என் கட்டுமானப் பணி நிறைவுபெற்றது.

சில மாதங்கள் கழித்து, வீடு முடிந்துவிட்டது, சாவி கையளிக்கும் நிகழ்வுக்குக் குடும்பத்தோடு வாருங்கள் என்று அழைப்பு வந்தது. குடும்பத்தோடு என்றால் எங்கள் ஆட்கள் விடுவார்களா? கலா பட்டுச் சேலை உடுத்தாள். (மத்தியானம் வேறொரு பிறந்தநாள் விழா இருந்தது என்பது உண்மை. ஆனால் அதற்கு அந்தச் சேலை தேவையில்லை.) மகள் மாதுமிக்குப் பதினொரு வயது, புதுப் பாவாடை சட்டை. மகன் கவினுக்கு ஆறு வயது. கழுத்தில் வண்ணத்துப்பூச்சி டை வைத்த சட்டை. நான் கோட் போட்டேன். கிரவீனில் நாங்கள் வாடகைக்கு இருந்த யூனிட்டின் படியில் இறங்கும்போது கீழ்வீட்டு ஆள் "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

அங்கே போனதும் வாசலில் நின்ற ஒரு பெண், பெயர் எழுதி நெஞ்சில் ஒட்டச் சொல்லி ஒரு ஸ்டிக்கரை நீட்டினாள். ராஜகுலேந்திரன் அதற்குள் அடங்காது. 'ராஜ்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிக்கொண்டேன்.

புல் முளைக்காத முற்றத்தில் ஒரு கூட்டம் நின்றது. முன்கதவுக்குக் குறுக்கே நீல நாடா. நிறுவனத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து மார்கரெட் என்று ஓர் அம்மையார் வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு புகைப்படக்காரர் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்து அவர் வேறெங்கோ படம் எடுக்கப் போகவேண்டுமாம். கிரேக்கைக் காணவில்லை.

மார்கரெட் அம்மையார் கூட்டத்தைத் துழாவிக்கொண்டு வந்தார். என் நெஞ்சைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ராஜ் என்பது நீங்கள்தானா?"

"ஆம், நான்தான் ராஜ்."

"இது உங்கள் குடும்பமா? எவ்வளவு அழகாக வந்திருக்கிறீர்கள்! வாருங்கள், வாருங்கள், எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்."

எனக்காகக் காத்திருக்கிறார்கள்! என் கால்கள் தாமாகவே நடந்தன. பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போனேன். கலா மட்டும் பின்னால் நின்று, "என்னப்பா, எங்களை ஏன் கூப்பிடினம்?" என்றாள்.

"தொண்டு செய்தவைக்கு ஏதும் மரியாதை செய்யினம் போல. வாரும்."

"நீங்கள் ரெண்டு நாள்தானே போனனீங்கள்?"

"வேலையின்ர தரத்தைப் பாத்திருப்பினம்."

எங்கள் நால்வரையும் நாடாவுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். அம்மையார் பேசத் தொடங்கினார். இந்த மனிதர் மாதக் கணக்காக, வேலை முடிந்த களைப்பையும் பாராமல், வெயிலிலும் மழையிலும் வந்து, தன் சொந்தக் கையால் இந்த வீட்டை எழுப்பினார் என்றார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. மழையில் வந்தது உண்மை. மற்றதெல்லாம் சற்று அதிகம். ஆனாலும் எங்கள் தமிழ் விழாக்களில் கதிரை அடுக்கியவரைக்கூடத் தன்னலமற்ற செயல்வீரர் என்றுதான் அறிவிப்பார்கள். வெள்ளைக்காரர்களுக்கும் அந்தப் பண்பாடு வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

"இனிமேல் இவருடைய பிள்ளைகள் ஒரே அறையில் நெருங்கிப் படுக்கத் தேவையில்லை" என்றார் அம்மையார். கூட்டம் கைதட்டியது.

நாங்கள் இரண்டு அறை யூனிட்டில் இருப்பதும், மாதுமியும் கவினும் ஓர் அறையைப் பங்குபோடுவதும் இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தேன். கலா சொல்லியிருப்பாள் என்று முடிவுகட்டினேன். அதே கணத்தில் கலா என் இடுப்பில் கிள்ளினாள். பெருமை தாங்காமல் கிள்ளுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"என்னப்பா, இவை எங்களுக்கு வீட்டைத் தருகினம் போலக் கிடக்கு."

"சும்மா இரும். நினைவுப் பரிசு."

நீல நாடா கட்டிய சாவி என் கைக்கு வந்தது. புகைப்படக்காரர் சொடுக்கினார். எங்கள் திருமண ஆல்பத்தில்கூட நான் அவ்வளவு நன்றாக விழுந்ததில்லை. நிமிர்ந்த நெஞ்சு, சற்றே கலங்கிய கண், உயர்த்திய கையில் சாவி. படம் கிடைத்ததும் அவர் தோள்பையைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி ஓடினார்.

"ராஜ், இரண்டு வார்த்தை பேசுகிறீர்களா?" என்றார் மார்கரெட் அம்மையார்.

என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதற்காக உலகம் பல வருடங்களாகக் காத்திருந்தது.

"நான் எதையும் எதிர்பார்த்து இதைச் செய்யவில்லை" என்று ஆரம்பித்தேன். ஓர் அம்மா கைக்குட்டையை எடுத்தார். "உண்மையில் என்னைவிட இதற்குத் தகுதியானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்." இன்னும் இரண்டு கைக்குட்டைகள் வெளியே வந்தன. "இந்தச் சாவியை நான் ஒருநாளும் பயன்படுத்த மாட்டேன். எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் பத்திரமாக வைத்துக்கொள்வேன்."

கூட்டத்தில் ஒரு சிறு குழப்பம். சிலர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். அந்த ஊக்கத்தில் என் குரல் இன்னும் உயர்ந்தது.

"இந்த வீட்டில் வாழப்போகிற குடும்பத்தை நான் இதுவரை கண்டதில்லை. அவர்கள் யாராக இருந்தாலும், எங்கே இருந்தாலும், நலமாக வாழட்டும்!"

கைதட்டலுக்காக நிறுத்தினேன். வரவில்லை. ஒரு காகம் கத்தியது. மார்கரெட் அம்மையாரின் முகத்தில் புன்னகை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதற்குள் ஆள் இல்லை. கலா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கத் தொடங்கியவள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் கிரேக்கின் வாகனம் வந்து நின்றது. அதிலிருந்து கிரேக்கும், அவருக்குப் பின்னால் தடித்த மீசை வைத்த ஒருவரும், அவர் மனைவியும், ஒரு சின்னப் பெண்ணும் இறங்கினார்கள். மீசைக்காரர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவர்களுடைய கார் வழியில் நின்றுவிட, கிரேக் போய் ஏற்றி வந்திருக்கிறார்.

"மன்னிக்க வேண்டும், தாமதமாகிவிட்டது. ராஜைக் கூட்டிவந்துவிட்டேன்" என்றார் கிரேக்.

"ராஜ் இங்கே நிற்கிறாரே?" என்றார் அம்மையார்.

கிரேக் என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். "இவரா? இவர் அலுமாரிக்குள் வெள்ளை அடித்தவர்" என்றார்.

அந்த நிறுவனத்தில் ஒரு விதி இருக்கிறது. வீடு கிடைக்கப்போகும் குடும்பமும் மற்றவர்களோடு சேர்ந்து தங்கள் கையால் அந்த வீட்டில் வேலை செய்யவேண்டும். அதை முதல்நாள் அறிமுகக் கூட்டத்தில் விளக்கியிருக்கிறார்கள், நான் ஹெல்மெட்டோடு படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில். பிஜித் தீவிலிருந்து வந்த இந்த ராஜ் சனிக்கிழமைகளில் பஸ் ஓட்டுகிறவர். அதனால் மற்ற நாட்களில் வந்து வேலை செய்திருக்கிறார். நாங்கள் இரண்டு ராஜ்களும் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை.

பூமி பிளந்து என்னை விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அத்திவாரத்துக்கு நல்ல கொங்கிரீட் போட்டிருந்ததால் அதற்கும் வழியில்லை. சாவியை நீட்டிக்கொண்டு அந்த மனிதரை நோக்கி நடந்தேன். அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முன் அறை ஜன்னலைத் திறந்துகொண்டு கவின் நின்றான். என் உரையின்போது பின்கதவு வழியாக உள்ளே போயிருக்கிறான்.

"அப்பா! திஸ் இஸ் மை ரூம்! ஐ பிக்ட் இட்!"

கிரேக்கோடு வந்த சின்னப் பெண் ஜன்னலையே பார்த்தாள். கையில் ஒரு தலையணை வைத்திருந்தாள். புது அறைக்கென்று கொண்டுவந்ததாக இருக்கவேண்டும். அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். கீழுதடு மெல்ல வெளியே வந்தது. "மம்மி, அது என்னுடைய அறை" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அதுவரை எனக்கு இருந்தது வெட்கம் மட்டும்தான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வெட்கப்படக்கூட எனக்கு அருகதை இல்லை என்று தோன்றியது. என் கோட்டையும், உயர்த்திப் பிடித்த கையையும், கைக்குட்டைகளையும் நினைத்தேன். அந்தப் பிள்ளை எத்தனை நாள் அந்த அறையை மனத்துக்குள் அடுக்கி வைத்திருப்பாள்!

கலாதான் முதலில் அசைந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்கதவால் உள்ளே போனாள். ஜன்னலுக்குள் தாயும் மகனும் நின்று வாதாடுவது எல்லாருக்கும் கேட்டது.

"வெளியில வா, தம்பி. இது எங்கட வீடில்லை."

"பட் த லேடி செட்!"

"அவ ஆளை மாறிச் சொல்லிப்போட்டா."

"தென் வொய் டிட் அப்பா மேக் எ ஸ்பீச்?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

மாதுமி அந்தச் சின்னப் பெண்ணிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னாள். பெயர் கேட்டிருக்கிறாள். அஞ்சலி என்று பதில் வந்தது. பிறகு இருவரும் கைகோத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அஞ்சலி ஜன்னலடியில் நின்ற கவினை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தலையணையைத் தரையில் வைத்தாள். "என் கட்டில் வரும்வரைக்கும் நீ இருக்கலாம்" என்றாள். கவின் அதை நியாயமான ஏற்பாடாக ஏற்றுக்கொண்டு வாதாடுவதை நிறுத்தினான்.

நான் முற்றத்தில் பிஜி ராஜுக்கு முன்னால் நின்றேன். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த மன்னிப்பு வார்த்தைகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது.

"பிரதர், உண்மையைச் சொல்லட்டுமா? இன்றைக்கு மைக்கில் பேசவேண்டும் என்று சொன்னதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. பாதி வழியில் கார் நின்றபோது, அப்பாடா, அப்படியே நிற்கட்டும் என்று இருந்தது. என் மனைவியைக் கேளுங்கள். நீங்கள் பேசிவிட்டீர்களா? முழுவதும் பேசிவிட்டீர்களா? இனி நான் பேசத் தேவையில்லையே?"

"தேவையில்லை" என்றேன்.

அவர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

அதற்குள் தூறத் தொடங்கிவிட்டது. கூட்டம் தேநீர் மேசையின் கூடாரத்துக்குள் ஓடியது. வீட்டு ஹோலில் வைத்து மார்கரெட் அம்மையார் சாவியை உரிய ராஜின் கையில் மறுபடியும் கொடுத்தார். புகைப்படக்காரர் போய்விட்டதால் ராஜ் தன் கைபேசியை என்னிடம் தந்து, "நீங்கள் ஒரு படம் எடுங்கள், பிரதர்" என்றார். செய்த தவறைக் கழுவ ஒரு வாய்ப்பு! மிகக் கவனமாக எடுத்தேன். பிறகு பார்த்தபோது அதில் சாவி இருந்தது, மார்கரெட் அம்மையாரின் தோள் இருந்தது, மற்றப் பாதி முழுவதும் என் பெருவிரல் இருந்தது. ராஜின் மீசையின் ஒரு நுனி விரலுக்கு வெளியே தெரிந்தது.

பிறந்தநாள் விழா மண்டபத்துக்கு வந்து காரை நிறுத்திய பிறகு கலா வாயைத் திறந்தாள். "உள்ளுக்கு ஆரும் மைக்கைத் தந்தால் வாங்காதேங்கோ."

நடந்தது அதோடு முடிந்திருக்கும். ஆனால் புகைப்படக்காரர் தன் வேலையைச் சுறுசுறுப்பாகச் செய்திருந்தார். 'புதிய வீட்டில் ராஜ் குடும்பம்' என்ற வரியோடு எங்கள் படம் முகநூலில் ஏறிவிட்டது. நிறுவனம் அன்றே அதை எடுத்துவிட்டது. எடுப்பதற்குள் அது பென்டில் ஹில், கிரவீன், மெல்பர்ன், டொரொன்டோ வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திருந்தது.

மாலை கதவு தட்டப்பட்டது. பவளம் அன்ரி. எங்களுக்குத் தூரத்து உறவு, பென்டில் ஹில்லில் இருப்பவர். ஒரு மூட்டை அரிசி, பருப்பு, இரண்டு கம்பளி.

"தம்பி, ஏன் எங்களிட்டைச் சொல்லேல்லை? கஷ்டம் ஆருக்குத்தான் வராது? வெக்கப்படாமல் வைச்சிருங்கோ."

"அன்ரி, எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அது வேற ராஜ்."

"ஓம், ஓம். அப்பிடித்தான் சொல்லுவீங்கள். மானமுள்ள பிள்ளையள்." குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "காஸ் எல்லாம் இருக்கோ?"

கலா எவ்வளவோ விளக்கினாள். விளக்க விளக்க அன்ரியின் கண்கள் நிறைந்தன. கடைசியில் அரிசியை வாங்கிக்கொண்டோம். வாங்கியிராவிட்டால் அடுத்த நாள் வேறு ஆட்களையும் அழைத்துவந்திருப்பார்.

அலுவலகத்தில் திங்கட்கிழமை மேலாளர் என்னைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். மிகவும் மென்மையான குரலில், வீட்டில் எல்லாம் சரியா, யாரோடும் மனம்விட்டுப் பேசவேண்டும் போல் இருக்கிறதா என்று கேட்டார். நான் மனம்விட்டுப் பேசினேன். அவர் சிரிப்பை அடக்க முயன்று, மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்தார். நெடுநேரம் தேடினார்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. இரண்டு ராஜ் குடும்பங்களும் இப்போது நெருங்கிய சிநேகிதம். கவினும் அஞ்சலியும் ஒரே நீச்சல் வகுப்பு. தீபாவளிக்கு நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போவோம். பொங்கலுக்கு அவர்கள் இங்கே வருவார்கள். அவர்கள் வீட்டு ஹோலில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் பெரிதாக ஒரு படம் மாட்டியிருக்கிறது. வீடு கிடைத்த நாளின் ஞாபகமாக ஒரு நல்ல படமாவது வேண்டும் அல்லவா? ராஜிடம் இருந்தவை இரண்டே படங்கள். பெருவிரலை மாட்ட முடியாதென்பதால் மற்றதை மாட்டிவிட்டார். நான் சாவியை உயர்த்திப் பிடித்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற கலாவையும் பிள்ளைகளையும் கண்ணாடிச் சட்டத்தின் அளவுக்காக வெட்டிவிட்டார்களாம். விருந்தாளிகள் யாரென்று கேட்டால் அஞ்சலி, "எங்கள் வீட்டைக் கொஞ்ச நேரம் வைத்திருந்த அங்கிள்" என்று சொல்வாள்.

போன தீபாவளிக்குப் போனபோது பிஜியிலிருந்து ராஜின் மாமியார் வந்திருந்தார். உள்ளே நுழைந்த நான் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். படத்தில் என் நெற்றியில் குங்குமப் பொட்டு. கழுத்தில் செவ்வந்தி மாலை. கீழே ஒரு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. இந்த வீட்டைத் தானமாகக் கொடுத்துவிட்டுக் காலமாகிப்போன புண்ணியவான் நான்தான் என்று அந்த அம்மா தாமாகவே முடிவுகட்டியிருக்கிறார்.

சமையலறையிலிருந்து தட்டோடு வந்த அவர் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். தட்டு கையிலிருந்து விழாமல் ராஜ் பாய்ந்து பிடித்தார்.

நான் ஏதாவது சொல்லி அவரை ஆறுதல்படுத்த வாயெடுத்தேன். கலா என் கையைப் பிடித்தாள்.

"பேசாமல் நில்லுங்கோப்பா. இப்பதான் ஒரு மரியாதை வந்திருக்கு."